பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம்: பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளிக்கும் அப்போதுதான் கோடை விடுமுறை. அப்பாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது வருஷத்தில் இந்த ஒரு தடவைதான். சேர்ந்து ஒரு நல்ல கதைப் புத்தகம் வாசிக்க இதைவிடத் தோதான காலம் இல்லை. ஆனால் நம் வீடுகளில் சில தவறுகள் நடக்கின்றன.

பெரிய தவறு, புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நாம் நகர்ந்துவிடுவது. 'சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு' என்ற நினைப்பு. காலம் கடந்து நிற்கிற சிறுவர் நூல்கள் பலவற்றில் பெரியவருக்கும் பங்கு இருக்கிறது. ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' 1883இல் புத்தகமாக வந்தது. அதில் ஜிம் என்ற பையன் ராத்திரியில் ஒரு சின்னஞ்சிறு படகில் போய், கொள்ளையர் கையில் இருக்கிற கப்பலின் நங்கூரக் கயிற்றை அறுக்கிறான். கயிறு விறைத்து நிற்கிறது. அப்படியே அறுத்தால் வெட்டி இழுத்து ஆளையே தூக்கி அடித்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். காற்று மாறிக் கயிறு கொஞ்சம் தளர்ந்ததும், முறுக்கிய இழைகளை ஒவ்வொரு புரியாக அறுக்கிறான். கடைசி இரண்டு புரியை மட்டும் விட்டுவிட்டு, மறுபடி தளரட்டும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறான். பிள்ளைக்கு இது திக்திக் என்று இருக்கும். கடலுக்குப் போகிற அப்பாவுக்கோ, எழுதியவன் கயிற்றைப் பற்றித் தெரிந்துதான் எழுதியிருக்கிறான் என்று புரியும். 'ஏன் அவன் உடனே அறுக்கல?' என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல அவரைவிட நல்ல ஆள் யார்? அப்பாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை வாசிக்கட்டும், அவர் கேட்கட்டும்.

அடுத்தது, சுருக்கப் பதிப்பை வாங்கிவிட்டு முழுப் புத்தகம் படித்ததாக நினைத்துக்கொள்வது. 1726இல் வந்த 'கலிவரின் பயணங்கள்' நாலு பாகம் கொண்டது. பிள்ளைகளுக்கென்று வருகிற பல பதிப்புகளில் குள்ள மனிதர்களும் ராட்சத மனிதர்களும் மட்டும்தான் இருப்பார்கள். 1865இல் வந்த 'ஆலிஸின் அற்புத உலகம்' சுருக்கினால் இன்னும் மோசம். அதில் ருசியே ஆலிஸும் அந்தப் பிராணிகளும் போடுகிற வாய்ச்சண்டையில்தான் இருக்கிறது. சம்பவத்தை மட்டும் எடுத்தால் சக்கைதான் மிஞ்சும். வாங்குமுன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கினால் அது மோசமான மொழிபெயர்ப்பு, வைத்துவிடலாம்.

துக்கம் வருகிற பக்கத்தைத் தாண்டிப் போவதும் சரியில்லை. ஈ.பி. ஒயிட் 1952இல் எழுதிய 'ஷார்லட்ஸ் வெப்' கதையில் ஒரு சிலந்தி, வலையில் சொற்களைப் பின்னிப் பின்னியே ஒரு பன்றிக்குட்டியின் உயிரைக் காப்பாற்றுகிறது. கடைசியில் யாரும் பக்கத்தில் இல்லாமல் செத்துப்போகிறது. அந்த இடத்தில் தொண்டை அடைப்பது பெரும்பாலும் வாசிக்கிற பெரியவருக்குத்தான். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த கதையை அப்பத்தா வாயால் கேட்டு வளர்கிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். சாவை அவர்களிடமிருந்து ஒளிக்க முடியாது. அடைத்த தொண்டையோடு வாசியுங்கள், கொஞ்சம் நிறுத்துங்கள், அப்புறம் தொடருங்கள். சிலந்தி விட்டுப்போன முட்டைகளிலிருந்து குஞ்சுகள் வருவதைக் காண அந்தச் சாவைக் கடந்துதான் போகவேண்டும்.

கதை முடிந்த உடனே 'இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?' என்று கேட்காதீர்கள். அடுத்த தடவை பிள்ளை கதையைக் கேட்காது, கேள்விக்கான பதிலைத்தான் தேடும்.

அட்டையில் போட்டிருக்கிற வயசைப் பார்த்து ஒதுக்குவதும் உண்டு. அந்துவான் து செந்த் எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' 1943இல் வந்தது. தமிழில் வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பெயர்த்து, க்ரியா வெளியிட்டது. தொடக்கத்தில் தொப்பி மாதிரி ஒரு படம் இருக்கும். அது யானையை விழுங்கிய மலைப்பாம்பு. விடையை முந்திச் சொல்லாமல் பிள்ளையைப் பார்க்க விடுங்கள். ஆறு வயசில் படம் போதும். பன்னிரண்டில் நரி பேசுவது புரியும். நாற்பதில் வாசித்தால் ரோஜாப்பூ வருகிற பக்கங்கள் வேறு மாதிரி படும்.

புத்தகத்தைக் கண்ணாடி பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். நம் உப்புக்காற்றில் நடுவே கம்பிப் பின் அடித்த மெல்லிய படப் புத்தகங்கள் முதலில் கெடும். பின் துருப்பிடித்து, அதைச் சுற்றித் தாள் பழுத்துக் கிழியும். பின்னை எடுத்துவிட்டு நூலால் தைத்து, பிள்ளைக்கு எட்டுகிற தட்டில் வையுங்கள்.

காசு இல்லையே என்று விட்டுவிடவும் வேண்டாம், தடைக்காலத்தில் கை இறுக்கம்தான். ராமேஸ்வரத்தில் புத்தகமே அரிதாக இருந்த காலத்தில், எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவரின் வீட்டு நூலகத்தில் வாங்கிப் படித்ததை அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்கிறார். இன்று கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் இருக்கின்றன. பிள்ளையை மட்டும் அனுப்பாமல் நீங்களும் கூடப் போய் உறுப்பினர் ஆகுங்கள். அழ. வள்ளியப்பா பாட்டு, வாண்டுமாமா கதை இருக்கிறதா என்று கேளுங்கள். ஜூன் 14க்குள் புத்தகம் முடியவில்லையென்றால் பக்கத்தில் அடையாளம் வைத்து, அப்பா கடலுக்குப் போகாத நாளில் மிச்சத்தை வாசித்துக்கொள்ளலாம்.