பழைய இதழ்களில் ஒரு குட்டி ஸ்டூல்: சுருட்டு, அடுக்கு, இறுக்கு

பரணில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் வார, மாத இதழ்களில் ஒன்றை எடுத்துக் கையில் பிடித்தால் தொளதொளவென்று மடங்கும். அதையே இறுக்கமாகச் சுருட்டி, தரையில் நிமிர்த்தி வைத்து, உள்ளங்கையால் மேலிருந்து அழுத்திப் பாருங்கள். அசைந்து கொடுக்காது. படுத்த காகிதத்துக்கு இல்லாத பலம் நின்ற சுருளுக்கு உண்டு. இந்த ஸ்டூலில் ஆணி, மரச்சட்டம் எதுவும் கிடையாது. முப்பத்தேழு சுருள்களைச் சேர்த்து நிறுத்தி பெல்ட்டால் இறுக்கினால் ஆள் உட்காரலாம்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ராக்போர்ட் என்ற ஊரில், எலிஸ் ஸ்டென்மன் என்ற இயந்திரப் பொறியாளர் 1922-இல் செய்தித்தாளைக் கொண்டே ஒரு வீட்டைக் கட்டத் தொடங்கினார். சுவர் செய்தித்தாளை அடுக்கடுக்காக ஒட்டியது; உள்ளே இருக்கும் மேசை, நாற்காலி, விளக்கு எல்லாம் சுருட்டிய செய்தித்தாள்தான். லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்த செய்திகள் வந்த தாள்களாலேயே ஒரு எழுதுமேசை செய்திருக்கிறார். அந்த வீடு இன்னும் நிற்கிறது. நாம் ஸ்டூலோடு நிறுத்திக்கொள்வோம்.

என்னென்ன வேண்டும்

ஒரே அளவுள்ள இதழ்கள் 74. ஏறத்தாழ 21 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரம், 80 பக்கம் என்ற வழக்கமான அளவை வைத்துச் சொல்கிறேன். அகலமான பேக்கிங் டேப். பழைய இடுப்பு பெல்ட் இரண்டு. 12 மி.மீ. பிளைவுட்டில் 30 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பலகை இரண்டு. ஜிக்சா இல்லாதவர்கள் தச்சரிடம் கொடுத்து அறுத்துக்கொள்ளலாம். 5 செ.மீ. தடிமன் ஃபோம், அதை மூடக் கொஞ்சம் துணி. அடியில் பொருத்த நான்கு ரப்பர் புஷ். இவ்வளவுதான்.

இதழ்களைப் பிரித்தெடுத்தல்

நடுவில் பின் அடித்த இதழ்கள் மட்டுமே சுருட்டுவதற்கு ஆகும். முதுகில் பசை போட்டு ஒட்டிய தடித்த இதழ்கள் சுருள மறுக்கும். வம்படியாகச் சுருட்டினால் முதுகு உடைந்து தாள்கள் உதிரும். அவற்றைத் தனியே வையுங்கள், கடைசியில் வேறு வேலை இருக்கிறது.

ஒவ்வொன்றையும் விரித்து உதறுங்கள். ராமபாணப் பூச்சியோ கரையான் அரித்த தடமோ தெரிந்தால் இரக்கம் காட்ட வேண்டாம், அந்தக் கட்டையே ஒதுக்கிவிடுங்கள். பூஞ்சை வாடை அடிப்பதும் வேண்டாம். மற்றவற்றை ஒரு நாள் முழுக்க வெயிலில் காய வையுங்கள். ஈரம் தங்கிய காகிதத்தை இறுக்கிக் கட்டினால் உள்ளுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

நேரம் போவது இங்கேதான். பாதியில் நின்றுபோன தொடர்கதை கண்ணில் படும், நாலு பக்கம் படித்துவிட்டு வைக்கலாம் என்று தோன்றும். முடிந்தால் படிக்கிற வேலையை முந்தின நாளே முடித்துவிடுங்கள். ஒரு முறை சுருட்டி டேப் போட்டுவிட்டால் பிறகு பிரிக்க மனம் வராது.

சுருட்டுதல்

முழு வேலையின் தரமும் இதில்தான் இருக்கிறது. இதழை மேசைமேல் மூடிய நிலையில் வையுங்கள். பின் அடித்த முதுகுப் பக்கம் உங்களுக்கு எதிரே, திறந்த ஓரம் உங்கள் பக்கம். ஒரு பென்சிலைத் திறந்த ஓரத்தின் மேல் வைத்து, அதைச் சுற்றி பாய் சுருட்டுவது போலக் கட்டை விரல்களால் அழுத்தி அழுத்தி முன்னால் தள்ளிச் சுருட்டுங்கள். இப்படிச் செய்தால் தாள்கள் ஒன்றையொன்று தாண்டி நகர்வது உள்ளே நடந்து முடிந்துவிடும். மடிந்த முதுகு வெளியே சுத்தமாக வந்து நிற்கும். முதுகிலிருந்து தொடங்கினால் வெளி ஓரம் படிக்கட்டாகப் பிதுங்கும், டேப் சரியாக ஒட்டாது.

முதல் இதழ் முடிய மூன்று விரல் அகலம் இருக்கும்போது நிறுத்துங்கள். இரண்டாவது இதழின் திறந்த ஓரத்தை அந்த இடத்தில் செருகி, தொடர்ந்து சுருட்டுங்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 4 செ.மீ. விட்டத்தில் ஒரு சுருள் கிடைக்கும். பென்சிலை உருவிவிட்டு, சுருளை நிமிர்த்தி மேசையில் இரண்டு தட்டு தட்டுங்கள், முனைகள் சமமாகும். பிறகு இரு முனையிலிருந்தும் மூன்று செ.மீ. தள்ளி டேப்பை முழுச் சுற்று ஒட்டுங்கள். ரப்பர் பேண்டை நம்ப வேண்டாம், கொஞ்ச நாளில் காய்ந்து அறுந்துவிடும்.

பளபளப்பான தாளில் களிமண்ணோ சுண்ணாம்புத் தூளோ பூசியிருப்பார்கள். வழுக்குவதும் கனமாக இருப்பதும் அதனால்தான். பசையும் அதில் லேசில் ஊறாது. ஆகவே சுருளைப் பசையால் ஒட்ட முயல வேண்டாம், டேப்தான் சரி. பசை போடாததில் இன்னொரு வசதியும் உண்டு: ஒரு சுருள் நசுங்கினால் பெல்ட்டைத் தளர்த்தி அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முடித்த சுருள்களை வரிசையாக நிறுத்தி, மேலே ஒரு ஸ்கேலைப் படுக்க வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் உயர்ந்து நின்றால் உட்காருபவரின் கனம் முதலில் அதன்மேல்தான் இறங்கும். மீண்டும் தட்டியும் சமமாகாவிட்டால் அந்தச் சுருளைத் தள்ளிவிட்டு வேறொன்று போடுங்கள்.

அடுக்குதல்

நடுவில் ஒன்று. அதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் சரியாக ஆறு நிற்கும். அந்த ஏழையும் டேப்பால் ஒரு சுற்று சுற்றுங்கள். அடுத்த வளையத்துக்குப் பன்னிரண்டு, மறுபடி டேப். கடைசி வளையத்துக்குப் பதினெட்டு. ஆக 37. வட்டமாகக் கொண்டுவரப் போராட வேண்டாம், தானாகவே அறுகோணமாக அமையும். தேன்கூட்டில் இருக்கும் அதே அடுக்குதான். மூலைக்கு மூலை சுமார் 28 செ.மீ. அகலம், உயரமும் 28. அகலமும் உயரமும் ஏறக்குறைய சமமாக இருப்பதால் எளிதில் சாயாது.

நல்ல அட்டைப்படம் உள்ள சுருள்களைக் கடைசி வளையத்துக்கு ஒதுக்கி வையுங்கள், வெளியே தெரிவது அவை மட்டுமே. ஒரே நிறச் சாயலில் தேர்ந்தெடுத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும். கலவையாக வைத்தால் பழைய பேப்பர் கட்டு மாதிரியே தெரியும் என்பது என் எண்ணம்.

இறுக்குதல்

இந்தக் கட்டின் சுற்றளவு 85 செ.மீ. அளவில் வரும், சராசரி இடுப்பு பெல்ட் பொருந்திவிடும். ஒன்றை அடியிலிருந்து ஐந்து செ.மீ. உயரத்திலும், மற்றதை மேலிருந்து ஐந்து செ.மீ. கீழேயும் போட்டு, ஒருவர் சுருள்களை அணைத்துப் பிடிக்க இன்னொருவர் இழுங்கள். ஓட்டை சரியான இடத்தில் இல்லாவிட்டால் சூடாக்கிய ஆணியால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் கிடைக்காதவர்களுக்குப் பழைய சைக்கிள் ட்யூப் உண்டு: நீளவாக்கில் வெட்டி, முழு பலத்தோடு இழுத்து மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போடலாம். காகிதம் கொஞ்சம் அமுங்கினாலும் ரப்பர் சேர்ந்து சுருங்குவதால், பிடி விடாத விஷயத்தில் பெல்ட்டைவிட இதுவே மேல்.

ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள், தளர்ந்திருக்கும். இன்னொரு ஓட்டை இறுக்குங்கள். பிறகு கட்டைத் தூக்கி, நடுச் சுருளை விரலால் அடியிலிருந்து தள்ளுங்கள். நகரவே கூடாது. நகர்ந்தால், வளையங்களுக்கிடையே தெரியும் இடுக்குகளில் இரண்டு மூன்று தாள்களைக் குச்சியாகச் சுருட்டிச் செருகுங்கள்.

மேலும் கீழும்

அடிப்பலகையை வேண்டாம் என்று விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். நின்ற நிலையில் இருக்கும் காகிதம் திரி மாதிரி வேலை செய்யும். தரை துடைக்கும்போது முனை ஈரமானால் நீர் மேலே ஏறிவிடும். பலகையின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, அடியில் ரப்பர் புஷ்களைத் திருகி, அதன்மேல் கட்டை நிறுத்துங்கள். மேல்பலகையில் ஃபோமை வைத்துத் துணியை இழுத்து, அடிப்பக்கம் ஸ்டேப்ளர் கன்னால் அடித்துவிட்டால் மெத்தை தயார். பலகைகளையும் சுருள்களையும் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுவது போதும், ஏனென்றால் கனமே பாதி வேலையைச் செய்துவிடும். மொத்தம் 15 கிலோவுக்கு மேல் வரும். தூக்கும்போது அடிப்பலகையைப் பிடித்துத் தூக்குங்கள்.

முதல் முறை தொப்பென்று உட்கார வேண்டாம். இரு கைகளாலும் அழுத்திப் பாருங்கள், பிறகு பாதி கனம், பிறகு முழுதாக உட்கார்ந்து இடதும் வலதும் சாய்ந்து பாருங்கள். ‘கிறீச்’ சத்தம் பெல்ட்டிலிருந்து வந்தால் கவலையில்லை. பலகை ஆடினால் ஏதோ ஒரு சுருள் உயரம் தப்பியிருக்கிறது. இதன்மேல் ஏறி நின்று பல்பு மாற்றுவது கூடாது. அடுப்பு, விளக்கு, நீர் சொட்டும் ஜன்னல் அருகேயும் வைக்கக் கூடாது. மாதம் ஒரு முறை பெல்ட்டைப் பாருங்கள்.

ஒதுக்கி வைத்த தடித்த இதழ்களுக்கு

அவற்றைப் படுக்க வைத்தே அடுக்கலாம், ஆனால் உட்கார அல்ல, பக்கமேசைக்கு. ஒன்றின் முதுகு இடப்பக்கம் என்றால் அடுத்ததன் முதுகு வலப்பக்கம் வர வேண்டும். எல்லா முதுகும் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் புடைத்து, அடுக்கு மறுபக்கம் சரியும். 40 செ.மீ. உயரம் அடுக்கினால் 25 கிலோ அளவுக்கு வரும், அகலமோ 21 செ.மீ.தான். அதனால் சுவரை ஒட்டி வைத்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பட்டை கட்டி, மேலே சிறு பலகை போட்டுவிடுங்கள். கண்ணாடி, கைபேசி, படித்துக்கொண்டிருக்கும் புத்தகம் வைக்க அது போதும். குழந்தைகள் பிடித்து ஏறும் வீடு என்றால் உயரத்தைப் பாதியாகக் குறைத்து, இரண்டு அடுக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பலகையால் மூடுங்கள்.