மின்சாரக் கார் வாங்கும்போது செய்யும் தவறுகள்: மின் பில்லிலிருந்து பிளக் வரை

மின்சாரக் கார் என்றதும் எல்லாருக்கும் முதலில் வருகிற பயம் பேட்டரி. மலேசியாவில் விற்கும் பெரும்பாலான கார்களுக்கு பேட்டரி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர். கொள்ளளவு எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள், இ-ஹெயிலிங் (கிராப் போன்ற செயலி வழி வாடகைக் கார்) ஓட்டினால் உத்தரவாதம் செல்லுமா என்ற இரண்டையும் எழுத்தில் பார்த்துக்கொண்டால் போதும். பணம் கரைவது வேறு இடத்தில். ராத்திரி கார் எங்கே நிற்கிறது, எந்த மீட்டரிலிருந்து மின்சாரம் எடுக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பழைய பில்லைக் கையில் வைத்துக் கணக்குப் போடுவதுதான் பெரிய தவறு. 2025 ஜூலை 1 முதல் வந்த புதிய கட்டண முறையில் வீடுகளுக்கான அடிப்படை விலை யூனிட்டுக்கு 44.43 சென். மாதம் 1,000 யூனிட் வரை அதில் ஒரு கழிவு உண்டு. பயன்பாடு ஏற ஏற கழிவு சுருங்கும். அதுவும் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, மொத்த யூனிட்டுக்கும் சேர்த்துச் சுருங்கும்.

மாதம் 400 யூனிட் எரிக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். கழிவு 17 சென், ஆக யூனிட் 27.43 சென், பில் சுமார் 110 ரிங்கிட். கார் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறது. நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்றால் 225. சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்தால் 250 என்று வையுங்கள். இப்போது வீட்டுப் பயன்பாடு 650. கழிவு 7.5 சென்னாக இறங்கிவிட்டது. 600 யூனிட்டைத் தாண்டியதால் மாதம் 10 ரிங்கிட் ‘ரீடெய்ல்’ கட்டணமும் ஒட்டிக்கொள்கிறது. பில் 250 ரிங்கிட். கார் குடித்தது 140 ரிங்கிட், அதாவது யூனிட்டுக்கு 56 சென். 27 சென் என்று நினைத்து வாங்கியவருக்கு முதல் பில்லிலேயே முகம் மாறும். மாதாமாதம் மாறும் எரிபொருள் சரிக்கட்டலும் சேவை வரியும் இந்தக் கணக்கில் இல்லை.

பெட்ரோல் பக்கம் பார்ப்போம். அரசின் மானியப் பெட்ரோல் திட்டமான புடி95-இல் 2025 செப்டம்பர் இறுதியில் வந்த விலை லிட்டர் 1.99 ரிங்கிட். நூறு கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டர் குடிக்கும் சின்னக் கார் அதே 1,500 கிலோமீட்டருக்கு 194 ரிங்கிட் கேட்கும். வீட்டில் சார்ஜ் செய்தால் மாதம் 54 ரிங்கிட் மிச்சம். மோசமில்லை, ஆனால் விற்பனையாளர் சொன்ன பாதி விலையும் இல்லை. வீட்டில் வழியில்லாமல் பேரங்காடி டிசி (விரைவு) சார்ஜரையே நம்பியிருந்தால்? யூனிட் 1.30 ரிங்கிட் என்று வைத்தாலும் 225 யூனிட்டுக்கு 292 ரிங்கிட். பெட்ரோலே மலிவு.

அதனால் கொண்டோவில் இருப்பவர்கள் புக்கிங் பணம் கட்டுவதற்கு முன்பே ஜேஎம்பி (கட்டடத்தின் கூட்டு நிர்வாகக் குழு) அலுவலகத்துக்குப் போக வேண்டும். கோலாலம்பூர் செராஸ் ஆகட்டும், பினாங்கு குளுகோர் ஆகட்டும், கேள்விகள் இவைதான்: பார்க்கிங் இடம் வீட்டுப் பத்திரத்தோடு சேர்ந்ததா, பொதுச் சொத்தா? மின்சாரம் யார் மீட்டரிலிருந்து வரும்? துணை மீட்டர் வைக்க விடுவார்களா? அடித்தளப் பார்க்கிங்கில் தீயணைப்புத் துறை வழிகாட்டியின்படி செய்ய நிர்வாகம் தயாரா? "பார்க்கலாம்" என்பது அனுமதி ஆகாது. கடிதம் வேண்டும்.

தரை வீட்டுக்காரர்களின் தவறு மூன்று பின் பிளக்கில் தொடங்கும். காரோடு வரும் கேபிளை பழைய 13 ஆம்பியர் சாக்கெட்டில் செருகி இரவெல்லாம் விடுகிறார்கள். கெட்டில் ஐந்து நிமிடம் இழுக்கும், கார் பத்து மணி நேரம் இழுக்கும். சாக்கெட்டின் உள்ளே ஒரு திருகு தளர்ந்திருந்தால் அங்கேதான் சூடு ஏறும். வலது பக்கத் துளையின் ஓரம் பழுப்பாவதைப் பாருங்கள். கருவாடு மாதிரி ஒரு நாற்றம் வந்தால் பிளாஸ்டிக் வேகிறது என்று பொருள், உடனே நிறுத்துங்கள். சுருட்டி வைத்த நீட்டிப்பு வயரில் செருகவே கூடாது. பிளக்தான் வழி என்றால் அதற்கென்று தனி வயர், புது சாக்கெட் வேண்டும், சார்ஜ் ஆகும் மின்னோட்டத்தை 8 முதல் 10 ஆம்பியருக்குள் வையுங்கள். பத்து ஆம்பியரில் எட்டு மணி நேரத்துக்கு 18 யூனிட் ஏறும். நூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அது தாராளம்.

சுவர் சார்ஜர் என்றால் 22 கிலோவாட்டுக்கு ஆசைப்பட்டு மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) இணைப்புக்குச் செலவழிக்காதீர்கள். கார் உள்ளே வாங்குவது 7 அல்லது 11 கிலோவாட் என்றால் மீதி சுவரோடு நின்றுவிடும். ஒற்றைக் கட்டத்தில் 7.4 கிலோவாட் என்பது 32 ஆம்பியர். மெயின் சுவிட்சோ பெரும்பாலும் 60, 63 ஆம்பியர். இரவு ஏழரைக்கு வாட்டர் ஹீட்டர் 15, இரண்டு ஏர்கோன் 11, மேலே கெட்டில் ஒரு 9 என்று சார்ஜரோடு கூட்டிப் பாருங்கள், 67. மெயினின் அளவைத் தாண்டிவிட்டது. சுமையைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் வாங்கலாம், அல்லது 16 ஆம்பியருக்கு இறக்கி இரவு பத்துக்கு மேல் டைமர் போடலாம். விடிவதற்குள் 29 யூனிட் ஏறிவிடும்.

வயர்மேனிடம் கேட்க வேண்டியது: எரிசக்தி ஆணையத்தில் பதிவு உண்டா, கேபிள் எத்தனை சதுர மில்லிமீட்டர் (6, தூரம் அதிகமானால் 10), ஆர்சிடி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) எந்த வகை? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பலர் மழுப்புவார்கள். காரிலிருந்து நேர்மின் (டிசி) கசிவு வந்தால் சாதாரண ஆர்சிடி மரத்துப்போகும், பிறகு வாட்டர் ஹீட்டரில் கசிந்தாலும் விழாது. டைப் பி, அல்லது 6 மில்லிஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் சார்ஜரோடு டைப் ஏ கட்டாயம்.

தைப்பூசத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போகிறவர்கள் விளம்பரத்தில் போட்ட தூரத்தை நம்பிக் கிளம்புகிறார்கள். ஏறக்குறைய 350 கிலோமீட்டர். மணிக்கு 110-இல் நூறு கிலோமீட்டருக்கு 18 யூனிட் போகும். 50 யூனிட் பேட்டரிக்கு ஒரு நிறுத்தம் நிச்சயம். தாப்பாவில் பாதி பேட்டரியோடு நின்று வரிசை பிடிப்பதைவிட ஈப்போவரை ஓட்டலாம். அங்கே சேரும்போது முப்பது விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், அந்த நிலையில் சார்ஜ் வேகமாக ஏறும். டோலைத் தாண்டி ஊருக்குள் போய்ச் செருகிவிட்டுச் சாப்பிடுங்கள். 80 விழுக்காட்டில் கழற்றிவிடுங்கள், அதற்கு மேல் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும், பின்னால் ஆளும் காத்திருப்பார். கிளம்பும் முன்பே இன்னொரு நிலையத்தின் செயலியையும் பதிவிறக்கி, கார்டையும் இணைத்து வையுங்கள். சார்ஜர் முன்னால் நின்றுகொண்டு ஓடிபிக்குக் காத்திருப்பது ரொம்பக் கொடுமை.