இட்டேரிக்குள் ஏரி இல்லை: வாக்கியத்தை வைத்துப் புதுச் சொல் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“இருபுறமும் கிளுவை வேலி அடைத்த இட்டேரியில் வண்டி போய்க்கொண்டிருந்தது. எதிரே வந்தவர் வேலியோரம் ஒதுங்கி நின்று வழிவிட்டார்.”

கோவையிலோ திருப்பூரிலோ டவுனுக்குள் வளரும் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்த இரண்டு வரியைக் கொடுத்து, இட்டேரி என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். ‘ஏதோ ஒரு ஏரி’ என்று பதில் வர நிறைய வாய்ப்புண்டு. சொல்லின் வாலில் ஏரி இருக்கிறதே! வேலி, வண்டி, ஒதுங்கி வழிவிட்ட ஆள் என மூன்று துப்பு கண்ணெதிரே கிடக்கின்றன. பிள்ளையின் கண் அந்தப் பக்கமே போவதில்லை. இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் குறுகலான வண்டித்தடம்தான் இட்டேரி.

அகராதியைத் திறப்பதற்கு முன் வாக்கியத்தைக் கொண்டே பொருளை ஊகிக்கப் பழக்குவது நல்ல வழி. இதற்குக் கொங்குச் சொற்கள் ரொம்ப வசதி. பாடப்புத்தகத்தின் ‘சொல்லும் பொருளும்’ பகுதியில் பெரும்பாலும் இவை வராது. அதனால் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வழியில்லை, ஊகித்தே ஆகவேண்டும். ஊகம் சரிதானா என்று கேட்க அப்பாருவோ அமுச்சியோ (தாத்தாவோ பாட்டியோ) வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆனால் பயிற்சியைத் தப்பாக நடத்தினால் பிள்ளை குருட்டாம்போக்கில் அடித்துவிடப் பழகிக்கொள்ளும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் மாற்றுவது கஷ்டம்.

சொல்லின் முகத்தை மட்டும் பார்ப்பது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். இட்டேரியில் நடந்தது இன்னொரு விதமாக நோம்பியிலும் நடக்கும். “நோம்பிக்கு மகள், மருமகன், பேரன் பேத்தி எல்லாரும் வந்துவிட்டார்கள். கிடாய் வெட்டிக் கறிச்சோறு ஆக்கினார்கள்” என்ற வரியைப் படித்துவிட்டு ‘நோம்பி என்றால் நோன்பு, பட்டினி கிடப்பது’ என்று எழுதுவார்கள். கறிச்சோறு எப்படி வந்தது என்று கேட்டால், ‘நோன்பு முடிந்தபின் சாப்பிட்டிருப்பார்கள்’ என்று சமாளிப்பார்கள். கவனிக்க வேண்டிய இடம் இந்தச் சமாளிப்புத்தான். ஊகத்தோடு மோதும் துப்புக்குத்தான் மதிப்பு அதிகம். அதைச் சப்பைக்கட்டுக் கட்டி மூடிவிட்டால் பயிற்சியே வீண். நோம்பியின் வேர் நோன்புதான். ஆனால் கொங்கு நாட்டில் அது பண்டிகை, திருவிழா என்றே வழங்குகிறது. ‘தீவாளி நோம்பி’ என்றுகூடச் சொல்வார்கள். வேர் தெரிந்தவரும் வழுக்கி விழும் இடம் இது.

நாயமும் அப்படித்தான். நியாயத்திலிருந்து வந்த சொல். ஆனால் “திண்ணையில் உட்கார்ந்து இருட்டும்வரை நாயம் பேசிக்கொண்டிருந்தார்கள்” என்றால் அங்கே வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை, வெறும் ஊர்ப்பேச்சு.

அப்படியானால் எதைப் பார்ப்பது? தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் என்ற பகுதியிலேயே விடை இருக்கிறது. பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருள் ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்’ தெளிவாகும் என்கிறது. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் சொல் ‘மா’. மா பூத்தது என்றால் மரம், வினை காட்டிக்கொடுத்தது. மாவும் மருதும் ஓங்கின என்றாலும் மரம். பக்கத்தில் நிற்கும் மருது காட்டிக்கொடுத்தது. கவசம் அணிந்து நிற்பவன் மா கொண்டுவா என்றால் குதிரை, சூழல் காட்டிக்கொடுத்தது. வினை, இனம், சார்பு என்ற இந்த மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் மூன்று கேள்வி: இது என்ன செய்கிறது, அல்லது இதை வைத்து என்ன செய்கிறார்கள்? பக்கத்தில் எந்தச் சொற்கள் நிற்கின்றன? எந்த இடத்தில், யார் பேசுகிறார்கள்?

சாளை என்ற சொல்லில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். “சாளையை மஞ்சள் தடவி வறுத்தாள்” என்றால் கடற்கரைக்காரர்களின் மத்தி மீன். “மழைக்குத் தோட்டத்துச் சாளைக்குள் ஒதுங்கினாள்” என்றால் கொங்குக் காட்டில் இருக்கும் சிறு கூரை வீடு. எழுத்து ஒன்றே. வறுத்தாளா ஒதுங்கினாளா என்பதில்தான் முடிவு.

வினை வரும்வரை பொறுக்காதது

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். தெரியாத சொல் முதலிலேயே வந்துவிடும். பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கண்டதும் நின்று, அங்கேயே ஊகிக்கத் தொடங்குவார்கள். துப்பு இன்னும் ஐந்து சொல் தள்ளி இருக்கிறது. அதற்குள் முடிவு எழுதியாயிற்று. தெரியாத சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு, வாக்கியம் முழுவதையும், அடுத்த வாக்கியத்தையும் படித்த பிறகே விரலை எடுக்கச் சொல்லுங்கள்.

வினைமுற்றின் விகுதியே பாதிப் பொருளைச் சொல்லிவிடும். “ஒறம்பரை வந்திருக்கிறார்கள், கோழி அடித்துக் குழம்பு வை” என்ற வரியில் ‘ஆர்கள்’ என்ற விகுதி, வந்தது ஆடு மாடில்லை, ஆட்கள் என்று காட்டுகிறது. கோழிக்குழம்பு வருகிறது என்றால் வந்தவர்கள் வேண்டியவர்கள். உறவினர், விருந்தாளி என்ற பொருள் தானாக வந்து விழுகிறது.

வேற்றுமை உருபையும் இப்படிக் கழற்றிப் பார்க்க வேண்டும். அட்டாலியில், அட்டாலிக்கு, அட்டாலியை என்று சொல் பல வடிவில் வரும். உருபைப் பிரிக்கத் தெரியாத பிள்ளை மூன்றையும் மூன்று சொல்லாக எண்ணி மிரளும். ‘இல்’ வந்தால் பெரும்பாலும் இடம் அல்லது காலம். ‘ஆல்’ வந்தால் பெரும்பாலும் கருவி அல்லது காரணம். ‘ஐ’ வந்தால் ஏதோ செய்யப்படுகிற பொருள். உருபு மட்டும் பொருளைச் சொல்லாது, எந்தத் திசையில் தேடுவது என்று காட்டும்.

எடுத்த எடுப்பில் முழுப் பொருளையும் கேட்பது

‘சரியான பொருள் சொல்லு’ என்று பெரியவர்கள் நெருக்கினால் பிள்ளை வாயில் வந்ததைச் சொல்லும். முதலில் வகை மட்டும் போதும்: ஆளா, இடமா, பொருளா, செயலா, தன்மையா? ‘ஏதோ ஒரு இடம்’ என்பது முழு மதிப்பெண் தரவேண்டிய பதில். அதன்பின் சுருக்கலாம்: உயரமான இடமா, வெளியிலா, வீட்டுக்குள்ளா? ஒவ்வொரு சுருக்கத்துக்கும் வரியிலிருந்து ஒரு சொல்லை அடிக்கோடிட்டுக் காட்டவேண்டும். இரண்டு துப்பாவது காட்ட முடியாவிட்டால் அந்த ஊகத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைக்கட்டும்.

பிறகு ஊகித்த சொல்லை அதே உருபோடு வரிக்குள் வைத்து வாய்விட்டுப் படிக்கவேண்டும். ‘இருபுறமும் வேலி அடைத்த ஏரியில் வண்டி போய்க்கொண்டிருந்தது’ என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிடும். திருத்த வேறு யாரும் வேண்டியதில்லை.

துப்பே இல்லாத வாக்கியங்கள்

இந்தத் தவறு பிள்ளைகளுடையது கிடையாது, பயிற்சித்தாள் தயாரிப்பவர்களுடையது. “அந்த வீட்டில் ஓர் அட்டாலி இருந்தது.” இதை வைத்து யாரால் எதைக் கண்டுபிடிக்க முடியும்? ஆட்டுக்கல், அலமாரி, அணில், எதைப் போட்டாலும் பொருந்தும். வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘தினம் ஒரு சொல்’ படங்களில் பாதி இந்த ரகம்.

சோதிக்க எளிய முறை உண்டு. புதுச் சொல் இருந்த இடத்தைக் கோடாக்கிவிட்டு, வீட்டில் வேறொருவரிடம் நிரப்பச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்கள் பொருந்தினால் வாக்கியத்தை மாற்றுங்கள். “ஏணி போட்டு ஏறி, அட்டாலியில் கிடந்த பழைய பித்தளை அண்டாவைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள்” என்றால் ஏணி, ஏறி, இறக்கினார்கள் மூன்றும் உயரத்தைச் சொல்கின்றன. பழைய அண்டா, சாமான் போட்டு வைக்கும் இடம் என்கிறது. பரண் என்று எளிதில் பிடித்துவிடலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. ‘அட்டாலி, அதாவது பரண்’ என்று வரியிலேயே விடையை வைத்துவிடுவது. அதைப் பார்த்து எழுதினால் கையெழுத்துப் பயிற்சிதான் மிஞ்சும். துப்பு தரலாம், விடை தரக்கூடாது. விடையைத் தொடாமல் துப்பு தருவதற்கு எதிர்நிலை நல்ல உத்தி: “மழை பெய்தால்தான் காட்டில் சோளம் விதைக்க முடியும், தோட்டத்துக்குக் கிணறு இருக்கிறது, கவலையில்லை.” இங்கே காடும் தோட்டமும் ஒன்றையொன்று விளக்குகின்றன. யானை உலவும் காட்டுக்கு இங்கே வேலையில்லை. இது மானாவாரி நிலம். தெரிந்த சொல் புதுப் பொருளில் வரும் இந்த வகைதான் மிகவும் ஆபத்து, ஏனென்றால் பிள்ளை அங்கே நிற்பதே இல்லை. அகராதி பார்க்கவேண்டும் என்ற சந்தேகமே எழாது. வாரத்துக்கு ஒரு சொல்லாவது இந்த வகையில் இருக்கட்டும்.

ஒரே பத்தியில் பத்துப் புதுச் சொல்

துப்பு தரும் சொற்களே தெரியாவிட்டால் எதை வைத்து ஊகிப்பது? ஆங்கிலம் கற்பவர்களிடம் 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், மொழியியலாளர் பால் நேஷனும் உடன் ஆய்ந்தவரும், துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ள அதில் நூற்றுக்குச் சுமார் 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். தமிழில் உருபும் விகுதியும் ஒட்டி ஒட்டி ஒரே சொல் நீண்டுவிடுவதால் இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. நடைமுறைக்கு, 100 சொல் கொண்ட பத்தியில் இரண்டு புதுச் சொல் போதும். மூன்றைத் தாண்ட வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்து சொல். இருபது சொல்லை ஒரே நாளில் திணித்துவிட்டு மறுவாரம் நான்குகூட நினைவில்லை என்று பிள்ளையைத் திட்டுவதில் நாயமில்லை. இந்த இடத்தில் பழைய பொருளிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்காமல் விடுவது, தப்பான இடத்தில் சரிபார்ப்பது

ஊகம் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் அது ஊகம்தான். சில வாக்கியங்கள் திசைதிருப்பியே விடும். “தான் சேர்த்த சிறுவாட்டை எண்ணிப் பார்த்து அவள் பெருமூச்சு விட்டாள்” என்ற வரியில் சிறுவாடு என்பதைக் கவலை என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. “அரிசிப் பானைக்குள் சேர்த்து வைத்த சிறுவாட்டில் ஓர் ஆட்டுக்குட்டி வாங்கினாள்” என்ற இரண்டாவது வரி வந்தால்தான் வீட்டுப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்க்கும் காசு என்று தெளிவாகும். அதனால் ஒரு சொல்லுக்கு ஒரே வாக்கியத்தோடு நிற்கக்கூடாது. மூன்று வேண்டும், மூன்றும் வேறு வேறு சூழலில்.

அகராதிக்குப் போகும்போது பேச்சு வடிவத்தை அப்படியே தேடினால் பல சொற்கள் கிடைக்காது. தமிழ்ப் பேச்சில் ஓர் ஒழுங்கு உண்டு: அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால், முதல் அசையின் இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும். இலை எலையாகிறது, குடம் கொடமாகிறது, உடம்பு ஒடம்பாகிறது. இதைத் திருப்பிப் போட்டால் வழி திறக்கும். வீட்டின் பின்புறத்தைக் குறிக்கும் பொடக்காலி கிடைக்காவிட்டால் ‘பு’வில் தேடிப் பார்க்கலாம், அதே பொருள் தரும் புழக்கடை கிடைக்கும். ஒறம்பரை என்றால் ‘உ’வில் உறவு.

எந்த அகராதி என்பதும் முக்கியம். இன்றைய உரைநடைக்கு, 1992-இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு பொருள் தருவதால் இந்தப் பயிற்சிக்குத் தோதானது. கொங்குச் சொற்களுக்கென்றே பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள்கூடத் தரும். பிள்ளை முதல் பொருளை எழுதிக்கொண்டு மூடிவிடும். ஊகித்த பொருளுக்குக் கிட்ட வருவது எது என்று பட்டியல் முழுவதையும் பார்க்கவேண்டும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது ‘இதுக்கு என்னங்க அர்த்தம்?’ என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வந்து நின்றுவிடும். ‘இந்தச் சொல்லை எப்பங்க சொல்லுவீங்க?’ என்று கேட்கச் சொல்லுங்கள். நாலு வாக்கியம் சேர்ந்தே வரும்.

பொருள் தெரிந்ததோடு நிறுத்துவது

பொருள் தெரிந்த பிள்ளை “நான் இன்று நாயம் செய்தேன்” என்று எழுதும். நாயம் பேசுவார்கள், செய்யமாட்டார்கள். நோம்பி சாட்டுவார்கள், ஊரறிய அறிவிப்பது என்று பொருள், குற்றம் சாட்டுவதோடு அதற்குச் சம்பந்தமில்லை. சொல்லோடு அதன் கூட்டாளி வினையையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். நோட்டில் நான்கு கட்டம் போதும்: வாக்கியம், ஊகமும் துப்பும், சரிபார்த்த பொருள், கூட்டாளி வினையோடு சொந்த வாக்கியம். தப்பான ஊகத்தை அழிக்க விடாதீர்கள், குறுக்கே ஒரு கோடு மட்டும் போடட்டும். எங்கே வழுக்கியது என்று பின்னால் பார்க்க அதுதான் உதவும்.

மறுநாள், மூன்றாம் நாள், எட்டாம் நாள் என்று திரும்பப் பார்க்கலாம்; ஒவ்வொரு முறையும் வாக்கியம் மாறவேண்டும். அதே வாக்கியத்தையே காட்டினால் வாக்கியம்தான் மனப்பாடமாகும்.

வாக்கியத்தால் ஆகாத காரியமும் சில உண்டு. “கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரத்து நெற்றும் தின்று வளர்ந்த மாடு” என்ற வரியிலிருந்து கொறங்காடு மேய்ச்சல் நிலம் என்பதையும், கொழுக்கட்டை இங்கே பிள்ளையார் சதுர்த்திப் பலகாரம் இல்லை என்பதையும் பிடித்துவிடலாம். அந்தப் புல் எப்படி இருக்கும், வெள்வேலுக்கும் கருவேலுக்கும் என்ன வித்தியாசம் என்பதை எத்தனை வாக்கியம் எழுதினாலும் காட்ட முடியாது. காங்கேயம் பக்கம் போகும்போது வண்டியை ஓரங்கட்டி வேலிக்குள் கையை நீட்டிக் காட்டிவிடுங்கள்.