பிகாச்சூ டேனிஷ் பேசாது: மொழிமாற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1996 பிப்ரவரியில் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்கான விளையாட்டாக ஜப்பானில் பிறந்தது போக்கிமான். பிடித்துப் பழக்கிப் போட்டியில் மோதவிடும் கற்பனை உயிரினங்களுக்கும் அதே பெயர்தான். 1997 ஏப்ரலில் தொலைக்காட்சித் தொடரானது. ஆனால் டென்மார்க் பிள்ளைகளிடம் அது டோக்கியோவிலிருந்து நேராகப் போய்ச் சேரவில்லை. வழியில் நியூயார்க்கில் இறங்கிப் பெயர்களை மாற்றி, பாட்டை மாற்றி, சில அத்தியாயங்களை அங்கேயே விட்டுவிட்டுத்தான் கோபன்ஹேகனுக்கு வண்டி ஏறியது. டேனிஷ் டப்பிங் எழுந்தது அந்த அமெரிக்கப் பதிப்பின் மேல். இந்த வழித்தடத்தைக் கவனிக்காமல் வேலை செய்வதிலும், விமர்சனம் எழுதுவதிலும்தான் முக்கால்வாசித் தவறுகள் முளைக்கின்றன.

விமர்சகர்கள் செய்யும் தவற்றை முதலில் சொல்லிவிடலாம். டேனிஷ் பதிப்பில் ஏதாவது விடுபட்டிருந்தால் உடனே டேனிஷ்காரர்கள் வெட்டிவிட்டார்கள் என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். ட்ராட்டினி என்ற போக்கிமான் வரும் 35ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சரணாலயக் காவலர் ஒருவர் கதாநாயகச் சிறுவன் ஆஷின் முகத்துக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டுகிறார். அமெரிக்கப் பதிப்பைத் தயாரித்த ஃபோர்கிட்ஸ் நிறுவனம் அந்த அத்தியாயத்தையே தவிர்த்துவிட்டது. சிக்கல் என்னவென்றால், ஆஷ் 30 டோரோஸ் காளைகளைப் பிடிப்பதும் அதே அத்தியாயத்தில்தான். பின்னால் ஒரு போட்டியில் அவன் சாவகாசமாக ஒரு காளையை இறக்கிவிடுகிறான். அது எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது என்று பார்க்கிற பிள்ளைக்குப் புரிவதில்லை. இதில் டேனிஷ் மொழிபெயர்ப்பாளர் செய்த குற்றம் எதுவும் இல்லை. ஆனால் மூலத்தின் அத்தியாயப் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர், 'சரணாலயத்தில் பிடித்தோமே, அந்தக் காளை' என்று ஒரு வாக்கியத்தை வசனத்தில் நுழைத்து ஓட்டையை அடைத்துவிட முடியும். ஆங்கிலப் பிரதி மட்டுமே கையில் இருப்பவருக்கு ஓட்டை இருப்பதே தெரியாது.

சோற்று உருண்டைக் கதை இன்னும் பிரபலம். ஆஷின் தோழன் புரொக் கையில் வைத்திருப்பது ஓனிகிரி: முக்கோணமாகப் பிடித்த வெள்ளைச் சோறு, அடியில் கறுப்பாக ஒரு கடற்பாசித் துண்டு. அமெரிக்க வசனத்தில் அதற்குப் பெயர் ஜாம் வைத்த டோனட். படம் ஒன்று காட்ட, வாய் வேறொன்று சொல்கிறது. இந்த ஆங்கில வசனத்தை அப்படியே டேனிஷில் எழுதுவது சோம்பேறித்தனம். அதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: உள்ளூர் வாசனை வேண்டும் என்று கறுப்பு ரை ரொட்டி என்று எழுதிவிடுவது. டேனிஷ் பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துப்போவது பெரும்பாலும் அந்த ரொட்டிதான் என்றாலும், திரையில் வெள்ளைச் சோறு தெரியும்போது யார் நம்புவார்கள்? வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டுக்கு டேனிஷில் அன்றாடம் புழங்கும் பொதுச்சொல் ஒன்று இருக்கிறது. 'கட்டுச்சோறு' மாதிரி, உள்ளே என்ன இருந்தாலும் அது பொருந்தும். படத்தோடு சண்டை போடாத சொல் கிடைக்கும்போது பொய்யான சொல் எதற்கு?

பெயர் விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பல்பசார் என்ற போக்கிமானுக்கு ஜெர்மனியில் பிசாசாம் என்று பெயர் (நம் காதில் அது எப்படி விழும் என்பது வேறு கதை). பிரான்சில் புல்பிசார். அங்கெல்லாம் பெயரை மாற்றியிருக்கும்போது டென்மார்க்கில் மட்டும் ஏன் ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொண்டார்கள், கற்பனை வறட்சியா என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் தொலைக்காட்சியில் இல்லை, கடையில் இருக்கிறது. போக்கிமான் விளையாட்டுகள் ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் வந்தன. டேனிஷில் வரவில்லை, இன்றுவரை இல்லை. சேகரிப்புக் கார்டுகளுக்கும் டேனிஷ் பதிப்பு கிடையாது. எனவே டேனிஷ் பிள்ளை பள்ளி முற்றத்தில் மாற்றிக்கொள்ளும் கார்டில் இருப்பது ஆங்கிலப் பெயர். கேம் பாய் திரையில் ஓடியதும் ஆங்கிலப் பெயர். தொலைக்காட்சியில் மட்டும் அழகான டேனிஷ் பெயர் சூட்டினால் அந்தப் பிள்ளை இரண்டு பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். ஒரு தொடரை மட்டும் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள். விளையாட்டு, கார்டு, பொம்மை, படம் எல்லாம் எந்த மொழியில் விற்கின்றன என்று விசாரித்துவிட்டு வையுங்கள்.

பெயரோடு குரலும் கட்டுண்டிருக்கிறது. இந்தத் தொடரில் போக்கிமான்கள் பெரும்பாலும் தங்கள் பெயரையே சொல்லிக் கத்துகின்றன. பல்பசாரின் ஜப்பானியப் பெயர் ஃபுஷிகிடானே. ஜப்பானில் அது 'ஃபுஷி, ஃபுஷி' என்று கூவும். பெயரை மாற்றியதும் அந்தக் குரல் பயனற்றுப் போனது, புதிதாகப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. ஆஷின் கூடவே திரியும் பிகாச்சூவுக்கோ இந்த ஊர்களிலெல்லாம் ஒரே பெயர். அதனால் ஜப்பானில் ஓத்தானி இகூவே கொடுத்த குரலே அமெரிக்காவிலும் ஒலித்தது, டென்மார்க்கிலும் ஒலித்தது. ஆஷ் டேனிஷில் பேசுவான், பிகாச்சூ ஜப்பானில் பதிவான குரலில் பதில் சொல்லும். எந்தக் குழந்தைக்கும் அது உறுத்தியதில்லை. பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒலிப்பதிவுக் கூடத்தின் கணக்கையும் பார்த்துவிட வேண்டும்.

ஆஷைத் துரத்தும் வில்லன்களான ராக்கெட் குழுவின் ஜோடி, வேறொரு பாடம். ஜப்பானில் அவர்கள் முசாஷி, கொஜிரோ. 1612இல் தீவொன்றில் மோதிய இரண்டு வாள்வீரர்களின் பெயர்கள். அமெரிக்கர்கள் அதை ஜெஸ்ஸி, ஜேம்ஸ் என்று மாற்றியபோது தங்கள் ஊர்க் கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸின் பெயரை இரண்டாக உடைத்துப் பங்கிட்டார்கள். சாமர்த்தியமான வேலைதான். அந்தப் பெயர்கள் டென்மார்க்குக்கு வரும்போது முதல் நகைச்சுவை போய்விட்டது, இரண்டாவதும் பாதி தேய்ந்துவிட்டது. அதற்காக டேனிஷ் கொள்ளைக்காரனைத் தேடி அலைவது வீண். அவர்களுடைய முழக்கத்தில்தான் உழைப்பைக் கொட்ட வேண்டும். ஆங்கிலத்தில் அது வரிக்கு வரி இயைபோடு ஓடும் பாட்டு. பொருளை அப்படியே கொண்டுவந்து இயைபைக் கோட்டைவிட்டால் ஒரு பிள்ளையும் அதைத் திருப்பிச் சொல்லாது. இயைபுக்காகப் பொருளில் பாதியை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை என்பது என் கட்சி.

ஜப்பானியத்திலிருந்து நேரடியாக மொழிபெயர்ப்பவர்கள் விழும் குழி மரியாதை. பெயருக்குப் பின்னால் ஒட்டும் சான், குன், சாமா என்று ஜப்பானியத்தில் மரியாதைப் படிகள் பல. டேனிஷிலும் 'நீ', 'நீங்கள்' இரண்டுக்கும் தனிச்சொல் இருக்கிறது. அகராதியைத் திறந்தால் சமமாகவே தெரியும். ஆனால் 1960கள், 70களுக்குப் பிறகு டேனிஷ்காரர்கள் ஆசிரியரையும் முதலாளியையும்கூட 'நீ' என்றுதான் அழைக்கிறார்கள். 'நீங்கள்' அரச குடும்பத்துக்கும் மிகச் சில இடங்களுக்கும் ஒதுங்கிவிட்டது. பத்து வயது ஆஷ், தொடரில் வரும் பெரியவரான பேராசிரியர் ஓக்கைப் பார்த்து 'நீங்கள்' என்றால், டேனிஷ் காதுக்கு அது மரியாதையாகக் கேட்காது, கிண்டலாகக் கேட்கும். மரியாதையைச் சொல்லில் தேடாமல் குரலிலும் தயக்கத்திலும் காட்டச் சொல்ல வேண்டும்.

செலவைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளருக்குத் தோன்றும் யோசனை ஒன்று உண்டு: டேனிஷ், நார்வேஜியன், ஸ்வீடிஷ் மூன்றும் பக்கத்துப் பக்கத்து மொழிகள்தானே, ஒன்றை எழுதி மற்றதைத் தட்டிச் சரிசெய்துவிடலாமே! எழுத்தில் டேனிஷும் நார்வேஜியனும் ஒட்டிப் பிறந்தவை போலத்தான் தெரியும். வாயைத் திறந்தால் வேறு. எண்களைப் பாருங்கள். டேனிஷில் ஐம்பதைக் குறிக்கும் சொல்லின் வேர் 'மூன்றாவது இருபதில் பாதி'. அதாவது, முழுதாக இரண்டு இருபது, மூன்றாவதில் பாதி: இரண்டரை இருபது. தொண்ணூறு என்பது நாலரை இருபது. ஒற்றை இலக்கம் முன்னால் வரும், பத்து பின்னால் வரும். முதல் தலைமுறைப் போக்கிமான்கள் 151. அந்த எண்ணைப் பாட்டிலோ உதட்டசைவுக்குள்ளோ வைக்கும்போது ஸ்வீடிஷ் அசைக்கணக்கு டேனிஷுக்கு உதவாது. மூன்று மொழிக்கும் மூன்று பேரை வைப்பதுதான் கடைசியில் மலிவாக முடியும்.

சிறிய விஷயம் ஒன்று. அத்தியாயத்தின் நடுவே நிழலுருவைக் காட்டி 'இது எந்தப் போக்கிமான்?' என்று கேட்பார்கள். விளம்பர இடைவேளை முடிந்ததும் விடை வரும். டென்மார்க்கில் உரிமம் பெற்ற சேனல்களில் நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பரம் போடுவதில்லை, நிகழ்ச்சிகளுக்கு இடையில்தான். ஆக, கேள்வியும் விடையும் அடுத்தடுத்து வந்து விழும். ஒட்டுவதற்கு முன் எந்தச் சேனலுக்குப் போகிறது என்று கேட்டுவிட்டு அந்த இடத்தில் சில நொடிகள் கூட்டுவதா, துண்டை எடுத்துவிடுவதா என்று முடிவு செய்யலாம்.

கடைசியாக, டப்பிங்குக்கு எழுதியதையே சப்டைட்டிலாக ஒட்டும் பழக்கம். டென்மார்க்கில் டப்பிங் என்பது சிறு பிள்ளைகளுக்கு. படிக்கத் தெரிந்தவர்கள் மூலக்குரலைக் கேட்டுக்கொண்டு கீழே வரி படிப்பவர்கள். அன்று ஆஷைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று ஜப்பானியக் குரலோடு பார்க்க விரும்பினால் திரையில் ஆஷின் ஜப்பானியப் பெயரான 'சதோஷி' என்று கத்துவது காதில் விழும், கீழே 'ஆஷ்' என்று எழுதியிருக்கும். உதட்டசைவுக்காக நீட்டியும் குறுக்கியும் எழுதிய வசனம் எழுத்தில் மொண்ணையாகக் கிடக்கும். சப்டைட்டிலை ஜப்பானியத்திலிருந்து தனியாக எழுத வைக்க வேண்டும். பெயருக்கு மட்டும் உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாவது அத்தியாயத்தில் வந்து சதோஷியா ஆஷா என்று விவாதம் தொடங்கினால் முதல் ஒன்பதையும் திரும்பத் திருத்த வேண்டிவரும்.