ஹரேம் காதல் நகைச்சுவை அனிமேயின் நிறைகுறைகளை எடைபோட்டு எழுதுவது எப்படி

ஒரு நாயகன், அவனைச் சுற்றி நான்கைந்து நாயகிகள், யாரும் யாரிடமும் மனதைத் திறக்காத ஓர் இழுபறி: ஜப்பானிய அசைபடமான அனிமேயில் ஹரேம் வகைக் காதல் நகைச்சுவையின் சட்டகம் பெரும்பாலும் இவ்வளவுதான். ஆகவே "எல்லாம் ஒரே கதை" என்று ஒதுக்குவதும், தமக்குப் பிடித்த நாயகி ஜெயித்தால் புகழ்ந்து தோற்றால் திட்டுவதும் எளிது. இரண்டும் விமர்சனம் ஆகா. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்லூரி மலருக்கோ நண்பர் வட்டத்துக்கோ இத்தகைய தொடரைப் பற்றி எழுத விரும்பும் இளைஞர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை, நெகி ஹருபாவின் மங்காவிலிருந்து (ஜப்பானியச் சித்திரக்கதை) உருவான 'தி குவின்டெசென்ஷியல் குவின்டப்லெட்ஸ்' தொடரை முன்வைத்துச் சொல்கிறேன். கடனில் தவிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஃபூதாரோ என்னும் மாணவன், ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து சகோதரிகளுக்கு டியூஷன் ஆசிரியராக அமர்வதுதான் கதை.

தொடரை முதல் முறை எதையும் குறிக்காமல், சிரிப்பு வந்த இடத்தில் சிரித்துக்கொண்டு பார்த்துவிடுங்கள். பிறகு முதல் மூன்று எபிசோடுகளையும் கடைசி எபிசோடையும் மட்டும் நோட்டும் பேனாவுமாக மறுபடி பாருங்கள். ஒவ்வொரு நாயகியின் பெயருக்கும் நேரே, நாயகன் வீட்டுப்படி ஏறாமலே இருந்திருந்தால் அவள் எதற்காக வாழ்ந்திருப்பாள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். மூத்தவள் இச்சிகா நடிகையாக முயல்கிறாள். கடைசித் தங்கை இட்சுகி மறைந்த தாயைப் போல ஆசிரியையாக வேண்டும் என்கிறாள். இப்படி வரிகள் நிரம்பினால் அது தொடரின் முதல் பலம். பாதிப் பெயர்களுக்கு நேரே "அவனைக் காதலிக்கிறாள்" என்பதைத் தவிர எதுவும் எழுத வராவிட்டால், மற்றச் சிறப்புகள் எத்தனை இருந்தாலும் அந்தத் தொடர் பொம்மைகளை வைத்து ஓட்டப்படுகிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

நகைச்சுவையை அளப்பதுதான் கடினம்; "நல்ல காமெடி" என்று எழுதுவதில் பொருளில்லை. ஃபூதாரோ வைக்கும் முதல் தேர்வில் ஐவரும் 12, 20, 32, 8, 28 என்று மதிப்பெண் பெறுகிறார்கள். கூட்டினால் சரியாக 100. அந்தத் தொகையைப் பார்த்ததும் சிரிப்பு வருகிறது. அதே நொடியில், ஐந்து பேரும் படிப்பில் எவ்வளவு பின்தங்கியவர்கள் என்பதும், ஐவரும் சேர்ந்தால்தான் ஒரு முழுமை என்பதும், ஃபூதாரோ எடுத்துக்கொண்ட வேலையின் பாரமும் ஒரு வசன விளக்கமும் இல்லாமல் புரிந்துவிடுகின்றன. மூன்றாமவள் மிக்கு, ஜப்பானின் செங்கோக்குப் போர்க்காலத் தளபதிகள் மீதுள்ள பித்தை வெட்கப்பட்டு மறைக்கிறாள். அவர்களைப் பற்றிய கேள்விகளில் அவளிடம் தோற்றுப்போன ஃபூதாரோ, நூலகப் புத்தகங்களைப் படித்துவிட்டு வந்து மறுபடி போட்டிக்கு அழைக்கிறான். ஒரு சிரிப்பு, கூடவே பாத்திரத்தையும் ஓரடி நகர்த்துகிறதா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

குறை காணும்போதும் காட்சியைச் சுட்டியே பேச வேண்டும். இரண்டாமவள் நினோ, டியூஷன் வேண்டாம் என்பதற்காக, தொடக்கத்திலேயே ஃபூதாரோவுக்குத் தூக்க மருந்து கொடுத்து மயக்கி அனுப்புகிறாள். தொடர் அதை விளையாட்டாகக் கடந்துவிடுகிறது. இதையே ஓர் ஆண் செய்திருந்தால் யார் சிரித்திருப்பார்கள்? தடுக்கி விழுவதும், கதவைத் திறந்தால் எதிர்பாராமல் காணக்கூடாததைக் காண்பதும் இந்த வகையின் தேய்ந்துபோன உத்திகள். பள்ளி மாணவிகளின் உடலைக் கேமரா தேவையின்றி மேயும் இடங்களை, 'ஃபேன் சர்வீஸ்' (ரசிகர்களைக் கிளுகிளுப்பூட்டச் சேர்ப்பது) என்ற பெயருக்குள் ஒளித்துவிடாமல், குறை என்றே எழுதுங்கள். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காகப் பங்காளிகள் அனைவரும் ஊருக்கு வந்து வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) கூடியிருக்கும் நாளில் பொதுவில் வைத்துப் பார்க்கத் தக்கதா என்று ஒரு வரி சேர்த்தால், வாசிப்பவர்கள் நன்றி சொல்வார்கள்.

அப்படிப் பொதுவில் பார்த்தால், "ஏன்ப்பா, அந்தப் பய யாரத்தான் கட்டிக்கிடப் போறான்?" என்று அப்பத்தா கேட்பது நிச்சயம். கோயில் எது, பிரிவு எது என்று பார்த்த பிறகே சம்பந்தம் பேசத் தொடங்கும் நகரத்தார் வீடுகளில் அந்தக் கேள்வி இயல்பானது. ஆனால் விமர்சகர் அதோடு நின்றுவிடக் கூடாது. நாயகன் முடிவெடுக்காமல் இழுப்பது இந்த வகையின் பிறவிக்குறை. முடிவெடுத்தால் கதை தீர்ந்துவிடும் என்பதால், காது கேளாதவன் போலவும் மறதிக்காரன் போலவும் அவனை நடிக்க வைப்பார்கள். இத்தொடர் அந்தக் குறையைச் சாமர்த்தியமாகத் திருப்பிப் போடுகிறது: முதல் எபிசோடே திருமண நாளிலிருந்து தொடங்குகிறது, மணப்பெண் ஐவரில் ஒருத்தி என்பது மட்டும் தெரிகிறது. முகம் ஒன்றே போன்ற ஐவர் என்பதால், இழுபறி துப்பறியும் கதையாக மாறிவிடுகிறது. என் கணக்கில் இதுவே தொடரின் ஆகப் பெரிய பலம். ஆனால் பலவீனமும் இங்கேயே முளைக்கிறது. புதிரைக் காப்பாற்றுவதற்காகச் சில நாயகிகளின் மனதை நமக்குக் காட்டாமல் நெடுநேரம் பூட்டி வைக்க வேண்டியிருக்கிறது.

தயாரிப்பைப் பற்றிச் சுருக்கமாக எழுதினால் போதும். 2019இல் வந்த முதல் சீசனை தெசுகா புரொடக்‌ஷன்ஸ் எடுத்தது. பிற்பகுதியில் ஓவியம் தளர்கிறது. 2021இல் வந்த இரண்டாம் சீசனை பிபுரி அனிமேஷன் ஸ்டுடியோஸ் எடுத்தது. வண்ணமும் முகபாவமும் மேம்பட்டன, ஆனால் அதே 12 எபிசோடுகளுக்குள் மங்காவின் மிக அதிகமான பகுதியைத் திணித்ததால் சில மனமாற்றங்கள் விழுந்தடித்து ஓடுகின்றன. நாயகிகள் ஐவருக்கு 12 எபிசோடு என்றால் ஒருத்திக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று வகுத்துப் பார்த்தாலே இந்த அவசரத்தின் காரணம் தெரிந்துவிடும்.

எழுதி முடித்த பிறகு, மணப்பெண் யார் என்பது கட்டுரையில் எங்கேனும் கசிந்திருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். கதை 2022இல் வந்த திரைப்படத்தில்தான் முடிகிறது. அதைத் தொட்டுப் பேசியே தீர வேண்டும் என்றால், அந்தப் பகுதியைத் தனித் தலைப்பிட்டுக் கடைசியில் வைத்து, படம் பார்க்காதவர்கள் அத்துடன் நிறுத்திக்கொள்ளும்படி முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.