கிரவல் வீதியில் ஓடும் காருக்கு என்ஜின் பராமரிப்பு: முதன்முறை செய்பவர்களுக்கு

காரோடு வரும் கையேட்டில் பெரும்பாலும் இரண்டு சேர்விஸ் அட்டவணைகள் இருக்கும். ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு, மற்றது கடும் பாவனைக்கு. புழுதி, வெக்கை, குறுந்தூர ஓட்டம் எல்லாம் இரண்டாவதில் அடங்கும். மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 காப்பெற் வீதியில் போய்வந்தாலும், படலை வரைக்குமான கடைசித் துண்டு கிரவல் என்றால் உங்கள் காருக்கு இரண்டாவது அட்டவணைதான்.

வன்னியில் என்ஜினைத் தின்பவை முக்கியமாக இரண்டு: எயார் பில்டரைத் தாண்டிப் போகும் புழுதி, றேடியேற்றருக்குள் ஊற்றும் கிணற்றுத் தண்ணீர். இவற்றுக்குத்தான் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். பெற்றோல் காரை வைத்தே எழுதியுள்ளோம். ஒரு பருத்தித் துணி, ரோச், பிளக் சாவி, மல்ரிமீற்றர் இருந்தால் போதும்.

1. ஒயில்

காலையில், ஸ்ராட் பண்ணுவதற்கு முன், காரைச் சமதரையில் நிறுத்திப் பாருங்கள். ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்து, முழுவதும் உள்ளே விட்டு, மறுபடி இழுங்கள். மட்டம் இரண்டு குறிகளுக்கு நடுவே நிற்க வேண்டும். சிறிய கார்களில் கீழ்க்குறிக்கும் மேற்குறிக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு லீற்றர். குறைந்திருந்தால் கால் கால் லீற்றராக ஊற்றிப் பாருங்கள். மேற்குறியைத் தாண்டினால் என்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கும், சீல்களும் கசியத் தொடங்கும்.

ஒயில் கறுத்திருப்பது பழுதல்ல. அழுக்கைத் தன்னோடு பிடித்துவைப்பதே அதன் வேலை. விரலில் தேய்க்கும்போது நெருடினாலோ, உலோகத்தூள் மினுங்கினாலோதான் கவலைப்பட வேண்டும், உள்ளே பெயரிங் தேய்கிறது. 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அப்போது ஒயிலையும் ஒயில் பில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். புதிய பில்டரின் றப்பர் வளையத்தில் ஒயில் பூசி, கையால் திருகி, முட்டிய பிறகு முக்கால் சுற்று இறுக்கினால் போதும்.

2. எயார் பில்டர்

இது பத்து நிமிட வேலை. ஆனால் இதைத் தவறவிட்டால் என்ஜினையே இறக்க நேரிடும். கிரவல் புழுதியில் இருப்பது நுண்மணல். அது உள்ளே போனால் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் றிங்கையும் உரைதாள் போல அராவும். கோடையில் மாதம் ஒருமுறை பெட்டியைத் திறவுங்கள்.

பில்டரைத் தரையில் மெல்லத் தட்டி, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகக் காற்றடியுங்கள். ரயருக்குக் காற்றடிக்கும் குழாயைக் கிட்டப் பிடித்தால் தாள் கிழியும், கிழிந்தது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அடித்து முடிந்ததும் பின்னால் ரோச் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளையாக வெளிச்சம் வந்தாலும் எறியுங்கள். தாளைக் கழுவவே கூடாது.

பிறகு பில்டருக்கு அப்பால், என்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். செம்புழுதி ஒட்டினால் பில்டர் புதிதாக இருந்தும் பயனில்லை: கிளிப் உடைந்திருக்கும், அல்லது பில்டரின் றப்பர் விளிம்பு சரியாக அமர்ந்திருக்காது.

3. தண்ணீர்

கேத்திலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பைப் பார்த்திருப்பீர்கள். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் அதே படிவுதான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் ஏறும். கூலன்ற் திரவமும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். இந்த நீரைப் பற்றரிக் கடையில் வாங்கும்போது போத்தலைக் கவனியுங்கள், அசிட்டும் அங்கேதான் விற்பார்கள்.

என்ஜின் சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள். மூடி அழுத்தத்தை அடைத்துவைப்பதால்தான் உள்ளே 100 பாகையைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் நேரம் என்ஜின் ஆறுவதற்குப் போதாது. அந்த இடைவெளியில் குனிந்து காரின் கீழே சொட்டு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெப்பமுள் ஏறினால் காரணத்தை இப்படித் தேடலாம். மேல் ஹோஸ் சுட்டு, கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால், சூடேறியதும் தண்ணீரை றேடியேற்றருக்கு விடும் தெர்மோஸ்ராற் திறக்கவில்லை என்று சந்தேகியுங்கள். நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் விசிறி சுழலவில்லை. ஓடும்போது ஏறினால் றேடியேற்றர் அடைபட்டிருக்கலாம். நெல் வெட்டுக் காலத்தில் பதரும் பூச்சியும் வெளித்தகடுகளை மூடும், பின்பக்கத்திலிருந்து மெல்லத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வோட்டர் பம்மின் அடியில் கூலன்ற் காய்ந்த கறை தெரிந்தால் அதன் சீல் போய்விட்டது.

4. பெல்ற், பற்றரி

பெல்ற்றின் உட்புறத்தில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். என்ஜின் நிற்கும்போது பற்றரி ஏறக்குறைய 12.6 வோல்ற், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12இல் நின்றால் பற்றரியை மாற்றிப் பயனில்லை, அதைச் சார்ஜ் பண்ணும் ஓல்ரனேற்றரைப் பாருங்கள்.

5. பிளக்கும் புகையும்

என்ஜின் ஆறியபின் பிளக்கைக் கழற்றுங்கள். நுனி வெளிர் மண்ணிறம் என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெற்றோல் அதிகம், காற்றுக் குறைவு. ஒயில் ஈரம் என்றால் பிஸ்டன் றிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கும்.

எது என்பதைப் புகை சொல்லும். காலையில் ஸ்ராட் பண்ணும்போது மட்டும் நீலப் புகை வந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வ் சீல். அக்சிலேற்றரை மிதிக்கும் போதெல்லாம் வந்தால் றிங். கறுப்புப் புகை என்றால் முதலில் எயார் பில்டரைத் திறவுங்கள். சூடேறிய பிறகும் வெண்புகை வந்து, கசிவே இல்லாமல் தண்ணீரும் குறைந்தால், என்ஜின் புளொக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ஹெட் காஸ்கெற் போயிருக்கும். அதோடு ஒயில் மூடியின் அடியில் பால் போன்ற களி இருந்தால் ஓட்ட வேண்டாம். மாரியில் குறுந்தூரம் ஓடும் காரிலும் இலேசாகக் களி படியும், ஆகவே களியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஓடும்போது சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் அடுத்த கராச் வரை போகலாம் என்று நினைக்காதீர்கள். ஓரங்கட்டி உடனே நிறுத்துங்கள். ஒயில் அழுத்தமில்லாமல் ஓடும் ஓரிரு நிமிடமே பெயரிங்கை எரிக்கும்.

மாரியில்

முல்லைத்தீவின் வட்டுவாகல் போன்ற தாழ்ந்த பாலங்களில் வெள்ளம் மேவும்போது தண்ணீருக்குள் என்ஜின் நின்றால் திரும்ப ஸ்ராட் பண்ணாதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது, சிலிண்டருக்குள் அது இருந்தால் பிஸ்டனைக் கிராங்க்குடன் இணைக்கும் கொன்றொட் வளையும். தள்ளி வெளியே எடுத்து எயார் பில்டரைப் பாருங்கள். நனைந்திருந்தால் பிளக் எல்லாவற்றையும் கழற்றி, அவற்றின் வயர்களையும் பெற்றோல் பம் பியூசையும் எடுத்துவிட்டு, சில வினாடிகள் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒயில் பால் நிறமாகியிருந்தால் அதையும் மாற்றிய பிறகுதான் ஸ்ராட் பண்ண வேண்டும்.