வெளியே போகும் மெயிலுக்குக் கடிவாளம்: போஸ்ட்ஃபிக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செய்திமடலை அனுப்பிவிட்டு லாகைத் திறந்தால் ஜிமெயிலிடமிருந்து வரிசையாக 421 பதில்கள். உங்கள் ஐபியிலிருந்து வழக்கத்துக்கு மாறான வேகத்தில் மெயில் வருகிறது, அப்புறம் வாருங்கள் என்று அர்த்தம். சரி, வேகத்தைக் குறைப்போம் என்று தேடினால் மெயில் அனுப்பும் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் ஒரே வரியில் விடை கிடைக்கிறது: டீஃபால்ட் டெஸ்டினேஷன் ரேட் டிலே, 1 வினாடி. போட்டு ரீலோட் செய்தால் வேலை முடிந்த மாதிரி இருக்கும். அந்த 1 வினாடி எதற்கும் எதற்கும் நடுவில் என்று கேட்காமல் விடுவதுதான் முதல் தவறு.

போஸ்ட்ஃபிக்ஸுக்கு டெஸ்டினேஷன் என்றால் பொதுவாகப் பெறுநரின் டொமைன். ஜிமெயில் டாட் காம் ஒரு டெஸ்டினேஷன். ஆனால் உங்கள் பட்டியலில் கூகுளின் மெயில் சேவையில் இயங்கும் சொந்த டொமைன்கள் 400 இருந்தால் அவை 400 தனித்தனி டெஸ்டினேஷன்கள். எம்எக்ஸ், அதாவது அவற்றுக்கான மெயிலை வாங்கும் சர்வர், ஒன்றே என்பதை போஸ்ட்ஃபிக்ஸ் கணக்கில் எடுப்பதில்லை. 400 வரிசைகளும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். எதிர்முனையோ உங்கள் ஐபியை ஒரே ஆளாகத்தான் எண்ணுகிறது. இதற்கு மருந்து, அந்த டொமைன்களை ஒரு தனி டிரான்ஸ்போர்ட்டுக்கு (டெலிவரி வழிக்கு) திருப்பி, அதற்கு டிரான்ஸ்போர்ட் ரேட் டிலே வைப்பது. பதிப்பு 3.1 முதல் இந்த வசதி உண்டு. டொமைன் எதுவானாலும் அந்த வழியாகப் போகும் எல்லா டெலிவரிக்கும் இடையில் இடைவெளி விடும்.

இதற்கு நேர் எதிரான விபத்தும் உண்டு. ரிலேஹோஸ்ட், அதாவது எல்லா மெயிலையும் வாங்கி வெளியே அனுப்பும் இடைச் சர்வர், வைத்திருப்பவர்களுக்கு எல்லா மெயிலுக்கும் டெஸ்டினேஷன் அந்த ஒரு ரிலேதான். ஜிமெயிலுக்காகப் போட்ட 1 வினாடி, மொத்த சர்வரின் மூச்சையும் பிடித்துவிடும்.

நான் தலையில் அடித்துக்கொண்ட தவறு வேறு. ஒரு டெலிவரியில் எத்தனை பெறுநர்கள் என்பதற்கு ரெசிப்பியன்ட் லிமிட் என்ற அளவுரு உண்டு. இயல்பு மதிப்பு 50. டிலே போட்டும் ஒரே டெலிவரியில் 50 பேருக்குப் போகிறதே என்று அதை 1 ஆக்கினேன். அதன் பிறகு மெயில் முன்னைவிட வேகமாகப் பாய்ந்தது! ஆவணத்தை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். அந்த மதிப்பு 1 ஆனால் டெஸ்டினேஷன் என்ற சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. டொமைன் போய், தனித்தனி முகவரி ஒவ்வொன்றும் ஒரு டெஸ்டினேஷன். ஒரே முகவரிக்கு அடுத்தடுத்துப் போகும் இரண்டு மெயில்களுக்கு இடையில்தான் 1 வினாடி. செய்திமடலில் ஒருவருக்கு ஒரு மெயில்தானே, தடையே இல்லை. குறைக்க வேண்டுமென்றால் 2 வரை குறையுங்கள், 1 வேண்டாம்.

தனி டிரான்ஸ்போர்ட் உருவாக்குபவர்கள் பெயரில் தடுக்கி விழுகிறார்கள். டிரான்ஸ்போர்ட்டுகளை வரையறுக்கும் மாஸ்டர் சிஎஃப் கோப்பில் ‘ஸ்லோ’ என்று பெயரிட்டால் அளவுருவும் ‘ஸ்லோ’வில்தான் தொடங்க வேண்டும், எஸ்எம்டிபி என்று தொடங்குவது அதைத் தொடவே தொடாது. இன்னொன்று, இந்த டிலேயை மாஸ்டர் சிஎஃபில் அந்த வரிக்குக் கீழே கோடு ஓ (-o) போட்டு எழுதினால் பயனில்லை. இடைவெளி விடுவது, காத்திருக்கும் மெயில் வரிசையை (கியூ) நடத்தும் கியூ மேனேஜர். அது படிப்பது முதன்மை அமைப்புக் கோப்பான மெயின் சிஎஃபை. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் வாரக்கணக்கில் தெரியாமலே போகலாம்.

எண்ணைத் தேர்வதற்கு முன் ஒரு சின்ன கணக்குப் போடுங்கள். ஒரே டொமைனுக்கு 30,000 தனி மெயில்கள், 20 வினாடி இடைவெளி என்றால் 6 லட்சம் வினாடி, கிட்டத்தட்ட 7 நாள். கியூவில் ஒரு மெயிலின் ஆயுள் இயல்பாக 5 நாள். காத்திருந்ததற்காக மட்டும் மெயில் திரும்பாது. ஆனால் 5 நாள் கடந்தபின் வரும் முதல் தற்காலிக மறுப்பிலேயே பவுன்ஸ் ஆகி அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அதுவும் போக, அனுப்பத் தயாரான மெயில் நிற்கும் ஆக்டிவ் கியூவில் இயல்பாக 20,000 மெயிலுக்குத்தான் இடம். செய்திமடலே அதை நிரப்பிவிட்டால் பாஸ்வேர்டு மாற்றும் மெயிலும் ஓடிபியும் வாசலில் நிற்கும். அவற்றுக்குத் தனி போஸ்ட்ஃபிக்ஸ் இன்ஸ்டன்ஸ், முடிந்தால் தனி ஐபி வைப்பதை நான் ஆடம்பரமாக நினைப்பதில்லை.

கியூ பெருத்ததைப் பார்த்துப் பதறி 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஃப்ளஷ் செய்து, அதாவது எல்லாவற்றையும் உடனே அனுப்பச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் வா என்றவர் வீட்டுக் கதவை அப்போதே மறுபடி தட்டுவது அது. தள்ளிவைத்த மெயிலை 300 வினாடியில் தொடங்கி 4,000 வினாடி வரை இடைவெளியை நீட்டி போஸ்ட்ஃபிக்ஸ் தானே அனுப்பிப் பார்க்கும். விட்டுவிடுங்கள்.

கிளையன்ட் மெசேஜ் ரேட் லிமிட் என்ற அளவுருவைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். அது உள்ளே வந்து இணைபவர்களுக்கான வரம்பு. எண்ணுவது ஐபியை, பயனரை அல்ல. மைநெட்வொர்க்ஸில், அதாவது நம்பகமான ஐபிகளின் பட்டியலில், உள்ளவர்களுக்கு இயல்பாகவே விலக்கு. அதே மெஷினில் சென்ட்மெயில் கட்டளையால் அனுப்பும் ஸ்கிரிப்ட் அந்த வாசல் வழியாக வருவதே இல்லை. யாரோ ஒருவரின் பாஸ்வேர்டு திருடு போய் ஸ்பேம் கிளம்பினால், டொமைன்வாரி டிலேயும் காப்பாற்றாது, ஆயிரக்கணக்கான டொமைன்களுக்குச் சிதறிப் போய்விடும். லாகின் பெயரை வைத்து எண்ணும் பாலிசி சர்வர் (மெயிலை ஏற்பதா என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லும் துணை நிரல்) தேவை. போஸ்ட்எஃப்டபிள்யூடி அந்த வேலையைச் செய்யும்.

டிலேயைக் கூட்டிக்கொண்டே போகும் முன் மறுப்பின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 4 என்றால் வேகம் காரணமாக இருக்கலாம். 5 என்றால் எவ்வளவு மெதுவாக அனுப்பினாலும் பதில் பெரும்பாலும் அதேதான். ஒரு நாளைக்கு 5,000 மெயில் அளவில் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்களிடம் கூகுள் 2024 பிப்ரவரி முதல் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பு முறைகள் மூன்றையும் கேட்கிறது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்றும் சொல்கிறது. அங்கே குறை இருந்தால் டிலேயை எவ்வளவு கூட்டினாலும் சரியாகாது.